ஸ்பீக்கர் வயரின் கடைசி ஒரு அங்குலம்: களிம்பு பிடித்தால் என்ன செய்வது?

திருகோணமலை நகரம், ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் டச்சுக்குடாவும் பின்குடாவுமாகக் கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலம். எந்தத் தெருவில் குடியிருந்தாலும் உப்புக்காற்று வீட்டுக்குள் வரும். அது ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், கேற்றின் பிணைச்சலைத் தின்னும். இதெல்லாம் நமக்குப் பழகிப்போன விஷயம். பெயின்ற் அடிக்கிறோம், எண்ணெய் விடுகிறோம். ஆனால் அதே உப்பு, விறாந்தையில் பாட்டுக் கேட்கிற செற்றின் பின்பக்கத்திலும் இருந்து வேலை செய்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

வருத்தம் மெல்ல மெல்லத்தான் வரும். ஒரு பக்கத்துச் சத்தம் கொஞ்சம் குறையும். பிறகு இடையிடையே கரகரக்கும். ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும், மறுநாள் திரும்பவும் போகும். கடைசியில் "ஸ்பீக்கர் போயிட்டுது" என்று முடிவு கட்டி, புதுப் பெட்டி வாங்குவதா, அம்ப்ளிஃபயரைத் திருத்தக் கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு எழும். காசு செலவழிக்க முன்னர் வயரின் நுனியைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. கடலோர வீடுகளில் பெட்டியும் நன்றாக இருக்கும், அம்ப்ளிஃபயரும் நன்றாக இருக்கும், இரண்டையும் இணைக்கும் வயரின் கடைசி ஒரு அங்குலம் மட்டும் செத்துக் கிடக்கும். அதைச் சரிசெய்ய மின்னியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கத்தியும் ஒரு ஸ்க்ரூட்ரைவரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

செப்புக்கு என்ன நடக்கிறது

ஸ்பீக்கர் வயருக்குள் இரண்டு கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் மெல்லிய செப்பு இழைகள் பல. மேலே பிளாஸ்ரிக் உறை. புதிதாக உரித்தால் செப்பு இளஞ்சிவப்பாக மின்னும். வெளியே கிடக்கக் கிடக்க மங்கிப் பழுப்பாகும். காற்றிலுள்ள ஒட்சிசன் செப்போடு சேர்ந்து உண்டாக்கிய ஒட்சைட்டுப் படலம் அது. மிக மெல்லியது. இந்தப் பழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினால், அந்த அழுத்தமே படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகத்தை உலோகத்தோடு சேர்த்துவிடும். நிறம் கறுத்துவிட்டால் படலம் தடித்துவிட்டது. பச்சை வந்துவிட்டால் உப்பு உள்ளே வந்துவிட்டது.

இங்கே உப்பின் குணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மழையோடு வரும் வாடைக்காற்று தொடங்கியதும் குசினியில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால், சாதாரண கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 வீதம் அளவிலேயே நீரை இழுக்கும். ஆகவே செப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உப்புப் படிந்திருந்தாலே போதும், மழை ஒழுக வேண்டியதில்லை, யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அந்த இடத்தில் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அதில் செப்பு அரிக்கப்பட்டு, குளோரைட்டோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். களிம்பும் காய்ந்து பொடியாகும், செற் ஓரளவு ஒழுங்காகப் பாடும். வாடை வந்ததும் அதே இடம் திரும்ப நனைந்து அரிப்பு தொடரும். இப்படி நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நடப்பது உலோகத்துக்கு மிகக் கெடுதல். "மழை காலத்தில் மட்டும் இந்தப் பெட்டி மக்கர் பண்ணுது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் சந்தேகிப்பது வயர் நுனியைத்தான்.

சில வயர்களில் உறைக்குள்ளேயே, நீளத்துக்கும் பச்சை தெரியும். கண்ணாடி போன்ற உறையுள்ள வயர்களில் இது அடிக்கடி கண்ணில் படும். காரணம் உப்பு மட்டுமல்ல. உறை பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்; அதை வளையக்கூடியதாக வைத்திருக்கச் சேர்த்த இரசாயனங்கள் வருடக்கணக்கில் வெளியே கசிந்து செப்போடு சேர்ந்து பச்சையாகின்றன. வெயில் படும் இடத்தில் இது இன்னும் கெதியாக நடக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், உறைக்குள் இழைகளின் மேற்பரப்பு மட்டும் பச்சையாகி உள்ளே செப்பு முழுதாக இருந்தால் மின்னோட்டம் போவதில் பெரிய வித்தியாசம் வராது. கேட்கிற சத்தத்தில் ஒன்றும் தெரியாது. பிரச்சினை, அந்த இழைகள் இன்னொரு உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில்தான்.

ஏன் நுனி இவ்வளவு முக்கியம்

முதலில் வயரின் தடையைப் பார்ப்போம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். அம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிக்கு 10 மீற்றர் என்றால், போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர்; அதாவது 0.23 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது 3 வீதம்கூட இல்லை. வயரின் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 வீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே வயர் நல்லதாக இருக்கும் வரை அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை.

களிம்பு பிடித்த ஒரு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓம் சர்வசாதாரணமாக வந்துவிடும். 8 ஓம் பெட்டிக்கு முன்னால் 1 ஓம் வந்தால் பெட்டிக்குப் போக வேண்டிய சக்தியில் 79 வீதம்தான் போகும். 4 ஓம் பெட்டியும் 2 ஓம் களிம்பும் என்றால் 44 வீதம், அதாவது பாதிக்கும் குறைவு. போகாத சக்தியில் ஒரு பகுதி அந்த நுனியிலேயே சூடாகிறது. சூடு அரிப்பை இன்னும் கெதியாக்கும்.

சத்தம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிட வலிப்பது நாதம் கெடுவது. ஸ்பீக்கரில் "8 ஓம்" என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதிக்கும் 8 ஆக இருப்பதில்லை. சில இடத்தில் 5, 6 ஓமுக்கு இறங்கும், கீழ்ச்சுருதியில் ஓரிடத்தில் 20, 30 ஓமுக்கு ஏறும். நடுவில் ஒரு களிம்புத் தடை உட்கார்ந்தால் இறங்குகிற இடங்களில் அதிகமாகவும் ஏறுகிற இடத்தில் குறைவாகவும் வெட்டும். பாட்டின் சாயலே மாறிவிடும். இன்னொன்று, நல்ல அம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளுவதோடு நிற்காது, அடி முடிந்ததும் கூம்பு தன்பாட்டில் ஆடாமல் பிடித்தும் வைக்கும். அந்தப் பிடி வயர் வழியாகத்தான் போகிறது. நடுவில் தடை ஏறினால் பிடி தளரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து அடி 'தொம்' என்று விழுந்து நிற்காமல் கொழகொழவென்று இழுபடும். ஒரு கச்சேரியை வருடக்கணக்காகக் கேட்டவருக்கு இது உடனே தெரியும். என்ன பிழை என்றுதான் சொல்லத் தெரியாது.

கரகரப்புக்குக் காரணம் வேறு. செப்பு ஒட்சைட்டு ஒரு குறைகடத்தி. 1920களில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ரெக்டிஃபயர்களைச் செப்பு ஒட்சைட்டைக் கொண்டே செய்தார்கள். அப்படிப்பட்ட பொருள் உங்கள் வயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தால், அது ஓசையை நேராக விடாது. மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் அந்தப் படலம் கிட்டத்தட்ட முழுதாகவே மறிக்கும். மின்னழுத்தம் கூடினால் உடைத்துக்கொண்டு விடும். ராத்திரியில் மெல்லமாகப் பாட்டுப் போடும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. அதனால்தான் சத்தத்தைக் குறைத்தால் ஒரு பக்கம் செத்துக் கிடப்பதும், கூட்டினால் படாரென்று உயிர் வருவதும். இந்த அடையாளத்தை நினைவில் வைத்திருங்கள். 230 வோல்ற் ஓடுகிற வீட்டு மின்குமிழில் இப்படித் தெரியாது.

எங்கே பழுது என்று பிடிப்பது

செற்றை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும். அம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கொள்ளளவிகளில் (கப்பாசிற்றர்களில்) மின்னேற்றம் நிற்கும்.

அம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இடம், வலம் என்று இருக்கும் இரண்டு சோடி வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொழுவுங்கள். இப்போது பாட்டைப் போடுங்கள். முன்பு நின்ற அதே பெட்டிதான் இப்போதும் நிற்கிறது என்றால் அம்ப்ளிஃபயரில் பிழை இல்லை. பழுது அந்த வயரில் அல்லது அந்தப் பெட்டியில். மாறாக, நன்றாகப் பாடின பெட்டி இப்போது நின்றுவிட்டால் பிழை அம்ப்ளிஃபயரில், அல்லது அதற்குப் பாட்டைக் கொடுக்கிற கருவியில். சத்தத்தைக் கூட்டினால் உயிர் வருகிற அதே குணம் அம்ப்ளிஃபயருக்குள் ஸ்பீக்கர் இணைப்பைத் திறந்து மூடும் ரிலே என்ற சுவிட்சின் முனைகள் பழுதானாலும் வரும் என்பதால், இந்த மாற்றிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது, நின்ற பெட்டியைத் தூக்கி அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்து, புதிதாக உரித்த ஒரு சின்னத் துண்டு வயரால் கொழுவுங்கள். பாடினால் பெட்டி நல்லது. குற்றம் வயருக்குத்தான்.

மல்டிமீற்றர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். வயரின் இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, ஒரு பக்கத்தில் இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கி, மறுபக்கத்தில் தடையை அளந்து பாருங்கள். அளக்க முன்னர் மீற்றரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்து வைத்துக் கழியுங்கள், ஏனென்றால் ஊசி வயருக்கே கொஞ்சம் தடை உண்டு. மேலே சொன்ன 10 மீற்றர் வயர் 0.2, 0.3 ஓம் காட்ட வேண்டும். 1 ஓமுக்கு மேல் காட்டினால், அல்லது வயரை அசைக்க அசைக்க எண் துள்ளினால், எங்கோ அரித்திருக்கிறது. மலிவான மீற்றர்கள் பத்தில் ஒரு ஓமைச் சரியாகக் காட்டா. ஆனால் நல்ல வயருக்கும் கெட்ட வயருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க அது போதும்.

நடுவில் மூட்டுப் போட்ட வயர் என்றால் முதலில் அந்த மூட்டை அவிழ்த்துப் பாருங்கள். முறுக்கி, மேலே ரேப் சுற்றிய மூட்டு கடலோரத்தில் நெடுநாள் நிற்பது அபூர்வம். ரேப்பின் பசை இளகி வழிந்து, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும்.

வெட்டிப் பார்ப்பது

திருக்கடலூரில் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர் வீட்டில் இதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே இடப்பக்கப் பெட்டி. வயர் ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி ஓடி வந்து பெட்டியின் பின்பக்க ஸ்பிரிங் கிளிப்பில் செருகப்பட்டிருந்தது. "தம்பி, இது பழைய பெட்டி, இனிச் சரிவராது போல" என்றார் மாஸ்டர். கிளிப்பை அமர்த்தி இழுத்ததும் சிவப்பு வயர் கையோடு வந்தது. அதன் இழைகளில் பாதி கிளிப்புக்குள்ளேயே ஒடிந்து நின்றன. வெளியே வந்த இழைகளில் பச்சைப் பொடி. விரலால் உருட்டினால் நொறுங்கி விழுந்தது. உறையை இன்னும் ஒரு அங்குலம் உரித்தேன். அங்கே பச்சை இல்லை, ஆனால் கறுப்பு. இன்னும் இரண்டு அங்குலம். கறுப்பு மங்கிப் பழுப்பானது. அதற்கும் அப்பால் ஒரு சாண் தள்ளி வெட்டியபோதுதான் இளஞ்சிவப்புச் செப்பு தெரிந்தது. "அட, உள்ள நல்லாத்தானே இருக்கு" என்று மாஸ்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

உப்புநீர் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியால் உறைக்குள் ஊர்ந்து போகும். ஆகவே வெளியே தெரியும் பச்சையை மட்டும் வெட்டினால் போதாது. நிறம் தெளியும் வரை அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். அரை மீற்றர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

களிம்பு செப்பின் உப்பு. வாயில் போகக்கூடாது. உறையைப் பல்லால் கடித்து உரிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதில் அதைச் செய்ய வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வினாகிரியும் தேசிக்காயும்

செப்புக் குடத்துக்குப் புளி போட்டுத் துலக்குகிற ஊரில், வயருக்கும் வினாகிரியும் உப்பும் போட்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்புதான். போட்டால் செப்பு உடனே மின்னும் என்பதும் உண்மை. புளிப்பு ஒட்சைட்டைக் கரைத்துவிடும். ஆனால் குடத்தைக் கழுவிக் கவிழ்க்கலாம், வயரை அப்படிக் கழுவ முடியாது. புளிப்பும் உப்பும் இழைகளுக்கு இடையே புகுந்து உறைக்குள் ஏறிவிடும். அங்கே இருந்துகொண்டு, நீங்கள் மினுக்கிய நுனிக்குப் பின்னால் புதிய அரிப்பைத் தொடங்கும். எந்த உப்பால் இந்தத் தொல்லை வந்ததோ அதையே கையால் ஊட்டுவதாக முடியும். இழை வயரில் இதைச் செய்யாதீர்கள். வயரில் கொஞ்சமாவது நீளம் மிச்சம் இருந்தால் வெட்டுவதுதான் சரி.

சுவருக்குள் பதித்த வயர், வெட்டினால் எட்டாது என்ற நிலை வந்தால், இழைகளை விசிறிபோல விரித்து நுண்மையான சாண்ட் பேப்பரால் மெதுவாக இழுத்துத் துடைத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடலாம். அது தற்காலிகம்தான். அடுத்த வாடைக்குள் புது வயர் இழுக்க ஒரு வழி பாருங்கள்.

வயரை மட்டும் புதிதாக்கிவிட்டு, அழுக்கான முனையில் திரும்பச் செருகினால் பாதி வேலைதான். அம்ப்ளிஃபயரின் பின்பக்க முனைகளையும் பெட்டியின் முனைகளையும் அதே ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாகக் காய்ந்த பிறகு கொழுவுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், நெருப்புக்குக் கிட்ட வேண்டாம். லேசான கறைக்குப் பென்சில் அழிக்கும் றப்பர் நல்லது. முனைகளில் சாண்ட் பேப்பர் போடாதீர்கள். மேலே இருக்கும் நிக்கல் அல்லது பொன் முலாம் மிக மெல்லியது, அது போனால் கீழே உள்ள உலோகம் முன்னையிலும் கெதியாக அரிக்கும். ஸ்பிரிங் கிளிப்பின் கம்பியே கறள் பிடித்துத் தளர்ந்திருந்தால், எவ்வளவு துடைத்தாலும் பிடிக்காது. அந்தத் தட்டை மாற்றத்தான் வேண்டும். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இதற்கு அடிப்பதை நான் விரும்புவதில்லை. அது விட்டுச் செல்லும் எண்ணெயில் தூசி வந்து ஒட்டும்.

திரும்பக் கொழுவுவது

அரை அங்குலம் உரித்தால் போதும். உரிக்கும்போது இழைகள் அறுபடாமல் பாருங்கள். உறையைச் சுற்றி மெதுவாகக் கீறி இழுத்தால் கழன்று வரும். இழைகளை விரலால் தொட்டு முறுக்குவதைவிட, வெட்டிய உறைத் துண்டை முழுதாகக் கழற்றாமல் அதைப் பிடித்தே முறுக்கி இழுப்பது நல்லது. விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு.

ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் அம்ப்ளிஃபயரின் வெளியீடு குறுக்குச்சுற்றாகிவிடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பழைய செற்றுகள் அதில் எரிந்தே போகும்.

நுனிக்கு ஈயம் பிடித்தால் நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். ஸ்பிரிங் கிளிப்புக்கு என்றால் நல்லது. இழைகள் சிதறாது, ஈரமும் உள்ளே ஏறாது. ஸ்க்ரூவால் இறுக்கும் முனைக்கு வேண்டாம். ஈயம் மெத்தென்ற உலோகம். இறுக்கத்துக்குக் கீழே நாளடைவில் நசிந்து ஒதுங்கும், ஸ்க்ரூ தளர்ந்துவிடும். அங்கே வெறும் செப்பு, அல்லது நசுக்கிப் பொருத்தும் முனை போடுங்கள். ஈயம் பிடிப்பதானால் ரொசின் (மரப்பிசின்) உள்ள ஈயமே வேண்டும். தகர வேலைக்குப் போடும் அமிலம் கிட்டவும் வரக்கூடாது. செப்பு கறுத்திருந்தால் ஈயம் அதில் ஒட்டாமல் உருண்டு விழும். இன்னும் வெட்ட வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

வயரின் ஒரு பக்கத்தில் கோடோ நிறமோ இருக்கும். அதை இரண்டு பெட்டிக்கும் சிவப்பு முனையிலேயே கொடுங்கள். ஒன்றில் மாறிவிட்டால் ஒரு பெட்டியின் கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், கீழ்ச்சுருதி ஒன்றையொன்று அழித்துவிடும். வயர் நீண்டு, நிறமும் மங்கிப்போயிருந்தால் ஒரு வழி உண்டு. அம்ப்ளிஃபயர் பக்கத்தைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ற் பற்றரியை அந்த நுனிகளில் ஒரு கணம் தொடுங்கள். பெட்டியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பெரிய கூம்பு வெளிப்பக்கம் துள்ளினால், பற்றரியின் நேர்முனை தொட்ட வயர்தான் சிவப்பு முனைக்குப் போகிற வயர்.

இறுக்கிய பிறகு, மேலே மிக மெல்லியதாக வஸலின் பூசுங்கள். உலோகம் உலோகத்தை ஏற்கெனவே இறுகத் தொட்டிருப்பதால் வஸலின் மின்னோட்டத்தை மறிக்காது, வெளியே இருந்து காற்றும் உப்பும் வராமல் மூடிவிடும். நடுமூட்டு இருந்தால் ஈயம் பிடித்து, உட்பக்கம் பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். சிலர் சிலிக்கன் பசையை அப்பிவிடுகிறார்கள். பூசும்போது வினாகிரி மணக்கிற சிலிக்கன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடும், அது செப்பை நேரடியாக அரிக்கும். அந்த மணம் வந்தால் வயருக்குக் கிட்ட அதைக் கொண்டுபோகாதீர்கள்.

புது வயர் வாங்கும்போது

கடையில் மலிவாகக் கிடைக்கும் பல வயர்கள் செப்பு அல்ல, செப்பு முலாமிட்ட அலுமினியம். வெளியே செப்பு நிறம். ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தூக்கினால் பாரமே இருக்காது. அதே தடிப்புச் செப்பு வயரைவிட அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மலைநாட்டில் இருப்பவர் அதை வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இங்கே வேண்டாம். வெட்டிய நுனியில் செப்பும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நடுவில் உப்புநீர் வந்தால், அலுமினியம் தன்னைக் கொடுத்துக் கரைந்து வெள்ளைப் பொடியாகிவிடும்.

நேர்மாறாக, சில வயர்கள் வெளியே வெள்ளியாகத் தெரியும், சுரண்டினால் உள்ளே செப்பு. ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீய முலாம் பூசிய வயர் அது. படகுகளுக்கென்று செய்யப்படுவது இந்த வகை. விலை கூட. ஆனால் ஜன்னலைத் திறந்தால் அலை தெரிகிற வீட்டுக்கு இதைவிட நல்ல வயர் இல்லை. தடிப்பு 10 மீற்றர் வரை 8 ஓம் பெட்டிக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், 4 ஓம் பெட்டிக்கு 2.5. இதற்கு மேல் விலை சொல்லி, "வெள்ளி கலந்தது, விசேஷமானது" என்று விற்கும் வயர்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வயரை ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். வேறு வழி இல்லை என்றால், பெட்டிக்குள் போக முன்னர் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், முனைக்குப் போகாது. புரட்டாசி கடைசியில், வாடைக்கு முன்னர் ஒருமுறை எல்லா முனையையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து இறுக்கிவிட்டால் அந்த மாரிக்குப் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பக்கம் நின்று நின்று பாடினால், அதுவும் வயரை மாற்றிக் கொழுவும்போது பழுதும் கூடவே பக்கம் மாறினால், அம்ப்ளிஃபயரைத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது, வயரும் பெட்டியும் பார்த்தாயிற்று, சத்தம் குறைவாக வைக்கும்போது இன்ன பக்கம்தான் நிற்கிறது என்று சொல்லுங்கள். அவர் வெளியீட்டு ரிலேயையும் சத்தம் கூட்டும் குமிழையும் முதலில் பார்ப்பார்.